புதிர் போடத் தெரிய வேண்டும்

புதிரை அவிழ்க்கிறவரை ஊர் மெச்சுகிறது. போடுகிறவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. இது அநியாயம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அவிழ்க்கிறவருக்குக் கூர்மை இருந்தால் போதும். போடுகிறவருக்குக் கூர்மையோடு நேர்மையும் வேண்டும். சொல்ல வேண்டியதில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது, சொல்லக் கூடாததில் ஒன்றும் வாய்தவறி வந்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவர் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறார் என்று பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் காட்டத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலானவர்களுக்குக் கைவராதது இந்தக் கடைசிச் சங்கதிதான்.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஆச்சி. தோவாளைப் பக்கம் வயல் சூழ்ந்த ஊர் எங்களுடையது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு பூ நெல் விளையும். கரண்டு போன இரவுகளில் திண்ணையில் பாயை விரித்து, "அழிப்பான் கதை போடட்டுமா மக்களே?" என்பார். எங்கள் பக்கத்தில் விடுகதைக்கு அப்படித்தான் பெயர்.

"அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு. அது என்ன?"

ஆளுக்கு ஒன்றாகக் கத்துவோம். கரும்பு என்பான் ஒருவன். பனை என்பான் இன்னொருவன். என் பெரியம்மை மகன் ஒருமுறை வாழை என்றான். சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொன்னான். கட்டை தோட்டத்திலேயே கிடக்கிறது, தடை என்கிற தண்டை வெட்டி மாட்டுக்குப் போடுகிறோம், குலை வீட்டுக்கு வருகிறது. ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவும் பொருந்தத்தான் செய்கிறது மக்களே. ஆனால் நான் நினைத்தது வேறொன்று. உன்னுடையதை ஒரு பக்கம் வைத்துக்கொள், என்னுடையதையும் தேடு" என்றார். தப்பு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் அன்றைக்கு இரவு முழுவதும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் விடை வரவில்லை. காலையில் முற்றம் பெருக்கிக்கொண்டே, "வீட்டுக்குள் பத்தாயத்தைப் போய்ப் பார். பிறகு தொழுவத்துப் பக்கம் படப்பைப் பார். அதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் வயலில் இறங்கி நடந்துவிட்டு வா" என்றார். பத்தாயத்தில் நெல். படப்பில் வைக்கோல். அறுத்த வயலில் இறங்கியதும் வெறுங்காலில் அடித்தாள் குத்தியது. அங்கே நின்றபடியே எங்களில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. ஒரே பயிரை மூன்று இடத்தில் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை. தினமும் பார்த்த மூன்று பொருள்கள் அன்றைக்கு ஒன்றாகிவிட்டன. ஆச்சி முதல் நாளே "நெல்" என்று சொல்லியிருந்தால், அது ஒரு சொல்லாகக் காதில் விழுந்து போயிருக்கும்.

இந்த விளையாட்டுக்கு நம்மிடம் வயது அதிகம். தொல்காப்பியம் இதைப் பிசி என்று சொல்லி, இரண்டு வகையாகப் பிரித்து, செய்யுள் இலக்கணத்துக்குள் இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு "பிறை கவ்வி மலை நடக்கும்." யானை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதன் மேல் ஆசை குறையவில்லை. மூன்றே பொருள்கள்தாம், பிறை, மலை, நடை. மூன்றும் எல்லோரும் கண்டவை. எதையும் ஒளிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு வேண்டிய அத்தனையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறது. நல்ல புதிருக்கு இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆனால் விடுகதை மண்ணோடு ஒட்டியது. சென்னையில் வளரும் என் அண்ணன் மகளிடம் நெல் விடுகதையைப் போட்டேன். நல்ல புத்திசாலிப் பெண். விழித்தாள். மாடு வைக்கோல் தின்பதை அவள் கண்டதில்லை, பத்தாயம் எங்கள் வீட்டிலும் இப்போது கிடையாது. தெரியாத பொருளை வைத்துக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்கு அறிவில்லை என்பது கேட்டவரின் குற்றம். "ஊசி நுழையாத கிணற்றிலே ஒருபடித் தண்ணீர்" என்று மாற்றிப் போட்டேன். முற்றத்தில் கிடந்த தேங்காயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை.

தர்க்கப் புதிர் வேறு ரகம். அதற்கு வயலும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம். விதிகளைச் சொல்லிவிட்டால் எந்த ஊர்க்காரரும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் வந்தது ரயிலில். 1979-இல் திருவனந்தபுரம் பாதை திறந்தபின் எங்கள் மாவட்டத்தில் பலருக்கு ரயில் பெட்டிக்குள்ளேயே தனியாக ஒரு வாழ்க்கை உண்டாகிவிட்டது. காலைப் பாசஞ்சரில் தூங்குகிறவர்கள் உண்டு, ஜெபப் புத்தகம் வாசிக்கிறவர்கள் உண்டு, சாயங்காலம் திரும்பும்போது மறுநாள் கறிக்குப் பயறு உரிக்கிற பெண்கள் உண்டு. எங்கள் கூட்டம் புதிர்க் கூட்டம். நாகர்கோவில் டவுனில் ஏறுகிற வங்கிக்காரர், இரணியலில் ஏறுகிற கணக்கு டீச்சர், பள்ளியாடியில் ஏறுகிற ஐ.டி.ஐ. படித்த தம்பி, குழித்துறையில் ஏறுகிற மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரி அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு வீட்டில் மலையாளமும் உண்டு. அவர் விடுகதையைக் கடங்கதை என்பார்.

எழுதி வைக்காத சில ஒழுங்குகள் எங்களுக்குள் தானாகவே அமைந்தன. முன்பே கேட்ட புதிராக இருந்தால் "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாறசாலை தாண்டும்வரை துப்பு கிடையாது. யாரையும் "இதுகூடத் தெரியாதா" என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி ஒழுங்கை டீச்சர் கொண்டுவந்தார். வகுப்பில் அந்த ஒரு வாக்கியத்தால் கணக்கை விட்டுப் போன பிள்ளைகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

பாலம் கடக்கிற புதிரைக் கொண்டுவந்தவர் வங்கிக்காரர். உலகம் முழுவதும் சுற்றிவருகிற பழைய புதிர் அது. நாலு பேர், இருட்டு, ஒரே ஒரு விளக்கு, ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. தனித்தனியாகக் கடக்க 1, 2, 5, 10 நிமிடம் ஆகும். இருவராகப் போனால் மெதுவானவருடைய நேரம்தான் கணக்கு. அவர் அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாத்தூர் தொட்டிப்பாலத்தில் வைத்தார். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகிற அந்தப் பாலத்தில் நடந்தவர்களுக்கு, இருட்டில் விளக்கில்லாமல் ஏன் போக முடியாது என்று விளக்கவே வேண்டாம். ஆனால் பள்ளியாடித் தம்பி உடனே மறித்தான். "தொட்டிப்பாலத்தை ஒரு நிமிடத்தில் எவனாலும் நடந்து கடக்க முடியாது சார்." நியாயமான பேச்சு. எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினோம். பையனுக்கு 5 நிமிடம், அக்காவுக்கு 10, அம்மாவுக்கு 25, பாட்டாவுக்கு 50. விளக்கில் 85 நிமிடத்துக்குத்தான் எண்ணெய் இருக்கிறது.

கேட்கிற எவருக்கும் முதலில் வருகிற வழி ஒன்றுதான். வேகமான பையன் விளக்கைப் பிடித்து ஒவ்வொருவராகக் கொண்டுபோய் விடட்டும். பாட்டாவோடு 50, திரும்ப 5, அம்மாவோடு 25, திரும்ப 5, அக்காவோடு 10. மொத்தம் 95. எண்ணெய் பத்து நிமிடம் பற்றவில்லை. எத்தனை விதமாக வரிசையை மாற்றினாலும் 95 என்ற எண் நகராது. அண்ணாச்சி டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தார். பாறசாலை தாண்டியதும் வங்கிக்காரர் கொடுத்த துப்பு ஒரு கேள்விதான்: "25-உம் 50-உம் தனித்தனியாகச் செலவாக வேண்டுமா?"

டீச்சருக்கு அந்த நொடியில் புரிந்தது. அம்மாவையும் பாட்டாவையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால் 25 நிமிடம் 50-க்குள் மறைந்துவிடும். அதற்கு முன்னேற்பாடாக, விளக்கைத் திருப்பிக் கொண்டுவர வேகமான ஆள் ஒருவர் அந்தக் கரையில் காத்திருக்க வேண்டும். பையனும் அக்காவும் முதலில் போகிறார்கள், 10. பையன் திரும்புகிறான், 5. அம்மாவும் பாட்டாவும் போகிறார்கள், 50. அங்கே நிற்கிற அக்கா விளக்கோடு திரும்புகிறாள், 10. அக்காவும் பையனும் கடைசியாகக் கடக்கிறார்கள், 10. கூட்டினால் 85.

அண்ணாச்சிக்குக் கணக்கு விளங்கிவிட்டது, மனசு மட்டும் ஒப்பவில்லை. "வயசான மனுசனையும் பொம்பிளையையும் இருட்டில் தனியாக விட்டுவிட்டு வாலிபப் பிள்ளைகள் இரண்டும் முன்னால் போய்விடுவதா?" என்று கேட்டார். நாங்கள் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார். வெறும் எண்களாகச் சொன்னபோது எட்டிய விடை, பாட்டா, அம்மா என்று சொன்னதும் ஒளிந்துகொள்கிறது. பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும் என்று நமக்குள் ஊறிப்போன எண்ணமே வழியை மறைத்துவிடுகிறது. அதே புதிரை நாலு சுமைதூக்கிகள் என்று சொல்லிக் கேட்டால் இன்னும் சுலபமாக அவிழும். யாரை வைத்துக் கதை சொல்கிறோம் என்பதே பாதித் திரை, அல்லது பாதித் துப்பு. போடுகிறவர் இதைத் தெரிந்து செய்ய வேண்டும்.

எனக்கு இன்னும் பிடித்தது மூன்று பெண்பிள்ளைகளின் வயதுப் புதிர். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் கேட்கிறார். அம்மா சொல்கிறாள்: "எனக்கு மூன்று பெண்கள். மூன்று வயதையும் பெருக்கினால் 36. கூட்டினால் எதிர்வீட்டுக் கதவு இலக்கம்." அவர் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, "இது போதாதே அம்மா" என்கிறார். "மூத்தவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்" என்கிறாள் அவள். அவர் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்.

எதிர்வீட்டு இலக்கம் நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் போதவில்லை என்கிறாரே, அங்கேதான் சாவி இருக்கிறது. பெருக்கினால் 36 வருகிற மூன்று எண்கள் எட்டு விதமாக அமையும். அவற்றின் கூட்டுத்தொகையை எழுதிப் பாருங்கள்: 38, 21, 16, 14, 13, 13, 11, 10. வேறு எந்த இலக்கமாக இருந்தாலும் அவருக்கு அப்போதே விடை கிடைத்திருக்கும். 13 மட்டும்தான் இரண்டு தடவை வருகிறது. 1, 6, 6 என்றாலும் 13; 2, 2, 9 என்றாலும் 13. மூத்தவள் என்று ஒருத்தி இருப்பதால் 2, 2, 9. இன்னொருவர் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது நமக்குச் செய்தியாக மாறுகிற அந்த இடம் எப்போதும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

இதை நான் பெட்டியில் போட்டபோது இரணியல் டீச்சர் ஒரு வழக்குத் தொடுத்தார். அவருக்கே இரட்டைப் பெண்கள். "கால் மணி நேரம் முன்னால் பிறந்தவளை இளையவள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆறும் ஆறும் ஆனாலும் மூத்தவள் உண்டு. உங்கள் புதிர் நிற்காது." நெய்யாற்றின்கரை வரை விவாதம் நடந்தது. அவர் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எத்தனையோ வருடமாக எத்தனையோ ஊரில் சொல்லப்பட்ட புதிர், இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாயிடம் வந்து நின்றுவிட்டது. அன்றுமுதல் எங்கள் கூட்டத்தில் கடைசி வாக்கியம் இப்படி: "மூத்தவள் மற்ற இரண்டு பேரையும்விடப் பல வருடம் பெரியவள்." அழகு கொஞ்சம் குறைந்தது உண்மைதான். நேர்மை கூடியதே, அது போதும்.

புதிரை நண்பரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆசைக்கு நான் அறிந்த மிகச் சிறந்த சாட்சி கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சம்பவம். 1914. பின்னாளில் புள்ளியியலில் பெரும்பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்திருந்த ஒரு புதிரைப் போட்டுப் பார்த்து விடையும் கண்டுவிட்டார். கண்டபின் சும்மா இருக்க முடியவில்லை. அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் அதை வாசித்துக் காட்டினார். ஒரு தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள். அது எந்த வீடு? ராமானுஜன் கிளறிக்கொண்டே விடையைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டும் சொல்லவில்லை, இப்படி அமைகிற எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து, பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுபோகும் ஒரு தொடர்பின்னத்தில் சொன்னார்.

அவருடைய உயரம் நமக்கு எட்டாது. அந்தத் தெருவில் நாமும் நடக்கலாம் என்பதற்குத் தடையில்லை. பள்ளியாடித் தம்பி அதைச் செய்தான். ஐந்நூறு வீட்டை விட்டுவிட்டுச் சின்னத் தெருவாகப் பார்ப்போம் என்றான். இரண்டு வீடு, மூன்று வீடு, நாலு வீடு என்று எழுதிக்கொண்டே போனான். எட்டு வீட்டுத் தெருவில் கிடைத்தது. ஆறாம் வீடு. இடப்பக்கம் ஒன்றிலிருந்து ஐந்துவரை கூட்டினால் 15, வலப்பக்கம் ஏழும் எட்டும் 15. அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அடுத்தது 49 வீட்டுத் தெருவில் 35-ஆம் வீடு என்று டீச்சர் கண்டார். ஒற்றை வீட்டுத் தெருவையும் சேர்த்து 1, 6, 35 என்று வரிசையாக எழுதியதும் வங்கிக்காரர் பென்சிலை வாங்கினார். ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கி அதற்கு முந்தியதைக் கழித்தால் அடுத்தது வருகிறது. ஆறு முப்பத்தைந்து 210, அதில் ஆறு போனால் 204. தெருவில் 288 வீடு. பத்திரிகை கேட்ட விடை அதுதான். ஒருவர் ஆரம்பித்து, இன்னொருவர் நீட்டி, மூன்றாமவர் முடித்த அந்தக் காலையில் வண்டி எதிர்வண்டிக்காக வழியில் நெடுநேரம் நின்றது. யாரும் முனகவில்லை.

கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் பார்க்கலாம், விடை கிடைக்கும். தம்பியின் ஆறாம் வீடு கிடைக்காது.

சக்கை என்று நாங்கள் சொல்லும் பலாப்பழத்தின் காலத்தில் எங்களுக்குத் தனி விளையாட்டு ஒன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய கணக்கு நூலில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளை எண்ணுவதற்கு வழி சொல்லியிருக்கிறது. காம்பை ஒட்டியுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். எல்லோரும் விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து, முள்ளை எண்ணி, கணக்குப் போட்டுத் தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சக்கையை வெட்டினோம். காம்பை ஒட்டிய முள் எது, சற்றுத் தள்ளிய முள் எது என்பதிலேயே நாலு கட்சி. கணக்கு சரியாக வரவில்லை. சுளையை எண்ணுவதற்குள் பாதியைத் தின்றுவிட்டார்கள் என்று டீச்சர் குற்றம் சாட்டியதில் உண்மை இருக்கிறது. முள்ளையும் சுளையையும் சேர்த்து யோசித்த அந்தப் பழைய மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது. அடுத்த சீசனில் எண்ணி முடித்தபின்தான் தின்பது என்று ஏற்பாடு.

இப்போது எங்கள் பெட்டியில் ஓடிக்கொண்டிருப்பது அண்ணாச்சி போட்ட புதிர். கேட்டுக்கொண்டே இருந்தவர் போடத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டு கருப்பட்டி. பார்க்க எல்லாம் ஒன்றுபோல். ஒன்றில் மட்டும் எடை வித்தியாசம், கூடுதலா குறைவா என்று தெரியாது. படிக்கல் இல்லாத வெறும் தராசு. மூன்றே தடவை நிறுத்து, எது மாறியது என்றும், கனமா லேசா என்றும் சொல்ல வேண்டும். பழைய புதிர்தான், கருப்பட்டி அண்ணாச்சியின் கைச்சரக்கு.

அவர் கொடுத்த துப்பையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டில் எதுவும் கனமாக இருக்கலாம், எதுவும் லேசாக இருக்கலாம், ஆக 24 சாத்தியங்கள். தராசு ஒவ்வொரு தடவையும் இடம் சாயும், வலம் சாயும், அல்லது சமமாக நிற்கும். முதல் தடவை நிறுத்தபிறகு இரண்டு தடவைதான் மிச்சம். மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது, ஆகவே எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சமமாக நின்றாலும், ஒன்பது சாத்தியங்களுக்கு மேல் மிஞ்சியிருந்தால் கதை முடிந்தது. ஆறுக்கு ஆறு வைத்துச் சாய்ந்தால் 12 மிஞ்சும். ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தால் 10. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமாக நின்றால், தொடாத ஆறில் 12. அதனால் முதலில் நாலுக்கு நாலுதான் வைத்தாக வேண்டும். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பிக்கு இன்னும் வரவில்லை, டீச்சருக்கு வந்துவிட்டது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.